வாணலியில் வன்னிக்காய்

கல்பாக்கம் குவார்ட்டர்ஸ் சமையலறையில் மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளை மேடைமேல் வரிவரியாகப் போட்டிருக்கிறது. தயிர் கேட்கிற சாக்கில் பக்கத்து வீட்டுத் தெய்வநாயகியின் மூக்கு முதலில் நுழைகிறது, ஆள் பின்னால். "இன்னா ஹம்சினி, நான் கோயில்ல சுத்துற வன்னிய நீ தாளிச்சுகினு கீற?" ராஜஸ்தானிலிருந்து மாற்றலாகிப் புதிதாய் வந்த ஹம்சினியின் கரண்டி நின்றுவிடுகிறது. சாமி மரத்தைச் சமைக்கிறாள் என்று தெய்வநாயகி வாய் திறந்தால் சாயங்காலத்துக்குள் காலனியில் ஒரு வீடும் ஹம்சினியோடு பேசாது. "மரத்த இல்லக்கா, காயத்தான். அங்க மழை பொய்ச்சா இதான் சாப்பாடு. பருப்பு மாதிரி சத்து." மெல்லிய காய்கள் மிளகாயோடு சுருண்டு, மோர் பட்டதும் சீறுகின்றன. தெய்வநாயகி ஒன்றை எடுத்து, வாசலை ஒரு பார்வை பார்த்து, கன்னத்தில் ஒதுக்கி மெல்கிறாள். வெகுநேரம் மெல்கிறாள். பிறகு தயிருக்குக் கொண்டுவந்த கிண்ணத்தை நீட்டுகிறாள். "கொஞ்சம் போடு. எங்க வூட்டுக்காரருகிட்ட கொத்தவரங்கான்னு சொல்லிக்கிறேன்."