ஐம்பத்திரண்டு நிமிடச் சுறாப்புட்டு

“ஒரு நிமிசம்கூட வெட்டக் கூடாது. ஐம்பத்திரண்டு நிமிசமும் அப்டியே போடு” என்றாள் எஸ்தர், மீன் கழுவிய கையை முந்தானையில் துடைத்தபடி.

அனன்யாவுக்குத் தலை சுற்றியது. சாந்தோம் கடற்கரையோரம் மீன் கடை வைத்திருக்கும் எஸ்தர்தான் அவளுடைய முதல் வாடிக்கையாளர். விளம்பரக் கம்பெனியில் வேலை போன பிறகு, சின்னக் கடைகளுக்கு வீடியோ எடுத்துக் கொடுத்துப் பிழைக்கலாம் என்று கிளம்பியிருந்தாள். மேற்கு மாம்பலத்தில் மூன்று கடை, ஆழ்வார்பேட்டையில் இரண்டு கடை. எல்லாரும் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று வழியனுப்பி வைத்தார்கள்.

எஸ்தர் மட்டும் ஸ்டூலைத் தட்டிப் போட்டு உட்கார வைத்தாள். டீ வாங்கிக் கொடுத்தாள். வீடு எங்கே என்று விசாரித்தாள். மயிலாப்பூரில் சித்திரைக் குளத்துக்குப் பக்கம், ஸ்ரீநிதி அப்பார்ட்மெண்ட், குடிவந்து மூன்று மாதம்தான் ஆகிறது என்று அனன்யா சொல்லி முடிப்பதற்குள், “சரி, எடு வீடியோ” என்றுவிட்டாள்.

அந்த மூன்று வார்த்தைகளை அனன்யா உயிருள்ளவரை மறக்கமாட்டாள். அதனால்தான் இந்த வீடியோ எப்படியாவது ஓட வேண்டும், கடைக்கு நாலு புது முகம் வர வேண்டும் என்று கிடந்து தவித்தாள். ஊரே மீனை ஆப்பில் ஆர்டர் செய்யும் காலத்தில், எஸ்தருடைய பழைய வாடிக்கைகளில் பாதி காணாமல் போயிருந்தது.

ஆனால் எஸ்தர் பிடித்த பிடியை விடவில்லை. எடுத்துக்கொண்டது பால் சுறாப்புட்டு, பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறுவதற்காகச் செய்து கொடுப்பது. அதை அரை நிமிடத்தில் அழகாகக் காட்டலாம். எஸ்தரோ சுறாவை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதற்கே பத்து நிமிடம் எடுத்துக்கொண்டாள். மஞ்சள் போட்டு வேகவைப்பது, மணல் போன்ற தோலைச் சுரண்டுவது, சதையை உதிர்த்துப் பிழிவது என்று ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொன்னாள். “மொத தபா வாடை கொமட்டும். மூக்குல துணி கட்டிக்கோங்க, தப்பில்ல. இதுக்குன்னு தனிச் சட்டி வெச்சிக்கோங்க” என்று வேறு அறிவுரை.

மீன் தின்கிறவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று அனன்யா கேட்டுப் பார்த்தாள். எஸ்தர் பாட்டுக்குச் சுறாத் தோலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

அதைவிடக் கூத்து, வீடியோவை அனன்யாவின் அப்பார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் போடச் சொன்னது.

“அக்கா, அங்க பாதிப் பேர் வெங்காயமே யோசிச்சுத்தான் சாப்பிடுவாங்க.”

“நீ போட்டு வையி. இன்னா இப்போ?”

போட்டாள். இரண்டு பேர் குரூப்பை விட்டே வெளியேறினார்கள். செகரட்டரி கைகூப்பும் படம் ஒன்றை மட்டும் அனுப்பினார், அதன் அர்த்தம் எல்லாருக்கும் புரிந்தது.

இரண்டு வாரத்தில் வீடியோவைப் பார்த்தவர்கள் நாற்பத்து மூன்று பேர். எஸ்தர் அந்தக் கணக்கைக் கேட்கவே இல்லை. தினமும் போன் செய்து ஒரே கேள்விதான் கேட்பாள். “யாருனா கடைசி வரிக்கும் பாத்தாங்களா?” யாரோ ஒருவர் மட்டும் கடைசி வரை திரும்பத் திரும்ப ஓட்டுகிறார் என்று அனன்யா கூச்சத்தோடு சொல்வாள். “அது போதும்” என்று எஸ்தர் போனை வைத்துவிடுவாள்.

மனசு கேட்காமல் சனிக்கிழமை காலை மன்னிப்புக் கேட்கவே கடைக்குப் போனாள் அனன்யா. பேச்சை எடுப்பதற்குள் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவரைப் பார்த்ததும் அவள் சட்டென்று ஓரமாக ஒதுங்கினாள். அவள் அப்பார்ட்மெண்டின் இரண்டாவது மாடி சூடாமணி மாமி. லிஃப்டில் சிரித்துக்கொள்வதோடு சரி, அதற்குமேல் பழக்கமில்லை. குரூப்பில் மீன் வீடியோ போட்டதற்குச் சண்டை போடத்தான் வருகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

மாமி புடவையைத் தூக்கிப் பிடித்து, மீன் தண்ணீரைத் தாண்டித் தாண்டி, எஸ்தருக்கு எதிரே வந்து நின்றார். கையில் ஒரு எவர்சில்வர் டப்பா.

“உங்க வீடியோவை ஒம்போது தடவை பார்த்தேன்” என்றார். “ஒரு இடம் விடாம நீங்க சொல்லிக் குடுத்ததாலதான் என்னால பண்ண முடிஞ்சுது. மாட்டுப்பொண்ணுக்குக் குழந்தை பொறந்து இருபது நாளாறது. பால் போதலை. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை.”

அனன்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரே ஒருவர்தான், ஆனாலும் அவள் எடுத்த வீடியோ ஒரு குழந்தையின் வயிற்றை நிறைத்திருக்கிறது.

மாமி டப்பாவைத் திறந்தார். “நான் வாயில வெச்சுப் பார்க்க முடியாது. அவளைக் கேட்டா, நன்னாருக்குன்னு சொல்லிட்டு அழறா. நீங்கதான் ருசி பார்த்துச் சொல்லணும்.”

எஸ்தர் கையைக் கழுவிக்கொண்டு ஒரு விள்ளல் புட்டை வாயில் போட்டாள். வெகுநேரம் மென்றாள்.

“உப்பு சரியாகீது” என்றாள். “பூண்டுதான் பத்தல. நசுக்கிப் போடணும்னு சொன்னேனேம்மா.”

“அதெல்லாம் எனக்குக் கை வராது” என்று மாமி அவள் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார். “ஆட்டோவை நிறுத்தி வெச்சிருக்கேன். மூணு வருஷக் கோவம் போறும். நீங்களே வந்து உங்க பொண்ணுக்குப் பண்ணிக் குடுங்கோ, சம்பந்தி.”