பச்சை டிரம்

எங்கள் நாட்டில் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. அதனால் ஓட்டுக்குச் சீட்டு கிடையாது, ஆளுக்கொரு கோலிக்குண்டு தருவார்கள். பிடித்தவரின் நிறம் பூசிய டிரம்மில் போட வேண்டும். என் சிநேகிதன் மலாங்குக்குப் பச்சை. அதிபர் கட்சியை எதிர்த்து எங்கள் தொகுதியில் நான்கு முறை நின்றான், இரண்டு முறை சிறைக்குப் போனான். கடைசியாகத் தோற்றது முந்நூறு ஓட்டில்.

நான் யாரையும் நம்புகிறவனல்ல. கொண்டுபோகிற வழியில் டிரம்மைக் கவிழ்க்க மாட்டார்களா? நான்கு முறையும் குண்டைப் போடாமல் அங்கிப் பையில் ஒளித்துக் கொண்டுவந்து மலாங் கையிலேயே கொடுத்தேன்.

"என் ஓட்டுடா. பத்திரமா வச்சுக்கோ."

கொஞ்ச நேரம் என்னைப் பார்ப்பான். பிறகு வாங்கிக்கொள்வான்.

சிறையில் பிடித்த இருமலோடு போன வாரம் செத்துப்போனான். துக்கத்துக்குப் போனேன். அவன் மனைவி ஃபாத்து கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சாக்கு மூட்டையை இழுத்தாள். நகரவில்லை. நானும் பிடித்து இழுத்தேன். உள்ளே கண்ணாடி உரசியது.

"ஊரே கொண்டாந்து கொடுத்துச்சுண்ணே."

"வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே, ஃபாத்து."

"அவரை நம்பித்தானே கொடுக்கிறாங்க, எப்படிச் சொல்றதுன்னாரு."

மூட்டையின் வாயை அவிழ்த்து என் பக்கம் திருப்பினாள்.

"இதுல உன்னோடது எதுண்ணே? எடுத்துட்டுப் போ."

எல்லாம் ஒரே மாதிரி இருந்தன.