இந்து டப்பா யாருக்கு?

"இன்னிக்கும் அந்த டப்பாவைத் தொட்டீங்க, எனக்குக் கெட்ட கோவம் வரும் சாம்ராஜண்ணா!"

ஈவ்லின் சொல்லி முடிப்பதற்குள் இந்துவின் பச்சை மூடி டப்பா சாம்ராஜின் மடிக்குப் போய்விட்டது.

மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகும் கூட்டம் அது. ரயில் பங்காருப்பேட்டையைத் தாண்டியதும் எல்லா டிபன் டப்பாவும் ஒரே சீட்டில் குவியும். அவரவர் கொண்டுவந்ததை அவரவர் சாப்பிடக் கூடாது. அடுத்தவர் டப்பாவைத்தான் எடுக்க வேண்டும். சட்டம் போட்டவர் பர்னபாஸ். ஞாயிற்றுக்கிழமை சபையில் பிரசங்கம் செய்கிறவர், மற்ற நாட்களில் ரயிலிலும் யாரையும் விடமாட்டார்.

"பைபிள்ல ஐக்கியம்னு வருதே, கிரேக்கத்துல அதுக்கு கொய்னோனியான்னு பேரு. சும்மா ஒண்ணா குந்திக்கினு போறது இல்ல அது. ஒருத்தர்து எல்லார்துன்னு ஆவணும்" என்று ஆரம்பித்தார்.

"அப்போ சாம்ராஜண்ணனுக்கு மட்டும் தனி கொய்னோனியாவா?" ஈவ்லின் விடவில்லை. "இந்து வேலைக்குத் திரும்பி வந்ததுலேர்ந்து பாக்குறேன். வேற யாருக்காச்சும் ஒரு வாய் கெடச்சுதா? கேளுங்க!"

கேட்டதில் நியாயம் இருந்தது. இந்துவின் புளியோகரைக்கு, அந்தக் கன்னடத்துப் புளிச்சோற்றுக்கு, ரயில் பெட்டியில் அப்படியொரு பேர். புற்றுநோய் வந்து அவள் ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்த மாதங்களில், அவளுடைய ஜன்னலோர சீட்டில் யாரையும் உட்காரவிடாமல் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சண்டை போட்டவள் இதே ஈவ்லின்தான். இப்போது குட்டை முடியும் பெரிய பொட்டுமாக இந்து திரும்பி வந்துவிட்டாள். விடியுமுன் எழுந்து சமைக்கிறாள். காலி டப்பாவைத் திரும்ப வாங்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பார்க்கிறவர்களுக்கு வயிறு நிறைந்துவிடும்.

சாம்ராஜ் டப்பாவின் மேல் குனிந்துகொண்டார். நடுநடுவே மடக்மடக்கென்று தண்ணீரைக் குடித்தபடி வேகவேகமாகச் சாப்பிட்டார்.

"பாருங்க, விக்கிக்கினாலும் விட மாட்டேன்றாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். பர்னபாஸ் சிரிக்கவில்லை. "ஈவ்லின் சொல்றது ஞாயம்தான் சாம்ராஜு. நாளைலேர்ந்து சீட்டு குலுக்கிப் போட்டுடலாம். யாருக்கு எது வருதோ அது."

சாம்ராஜின் முகம் வெளிறிப் போனது. "வேணாங்க பர்னபாஸ். எங்க வீட்டு கறிக்கொழம்பை நீங்களே வச்சுக்கோங்க. என்னைப் பேராசை புடிச்சவன்னுகூட சொல்லிக்கோங்க. இந்த ஒரு டப்பாவை மட்டும் எனக்கு உட்ருங்க."

நரைத்த மீசையோடு ஒரு மனிதர் சோற்றுக்கு இப்படிக் கெஞ்சுவதைப் பார்த்து ஈவ்லினுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. அவர் அசந்த நேரம் பார்த்து டப்பாவை வெடுக்கென்று பிடுங்கினாள். அவர் எட்டிப் பிடிப்பதற்குள் ஒரு கவளத்தை வாயில் போட்டுக்கொண்டாள்.

இந்து ஆவலோடு முன்னால் சாய்ந்தாள்.

"எப்டி கீது ஈவ்லின்? மருந்துல என் நாக்கு செத்தே போச்சு. உப்பு, புளி, ஒண்ணும் தெரியல. எல்லாம் கை அளவுதான். சாம்ராஜண்ணன் மட்டும் தெனமும் நல்லா கீதுன்றாரு. அந்த தைரியத்துலதான் அடுப்பாண்ட போறேன்."

ஈவ்லினின் வாய் முழுக்க உப்பு கரித்தது. புளி பேருக்குக்கூட இல்லை. மென்றாள், விழுங்கினாள். சாம்ராஜ் அவளைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தினி நாளா இதை ஒத்தை ஆளா துன்னீங்களே, மனுஷனா நீங்க?" என்று அவரைத் திட்டிவிட்டு, ஈவ்லின் டப்பாவோடு எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சீட்டு கீட்டு ஒண்ணும் வேணாம் பர்னபாஸண்ணா. நாளைலேர்ந்து இதுல பாதி எனக்கு!"