கிடா பார்த்த கண்ணாடி

ஆட்டுக்கொட்டகையின் சன்னல் ஓட்டையில் காற்று விடாமல் ஊதுகிறது. உள்ளே சினையாடு படுப்பதும் எழுவதுமாக இருக்கிறது. வெளியே ஆட்டுக்காரிக்கும் இருப்புக்கொள்ளவில்லை. “சீக்கிரம் சொல்லும்மா, கண்ணாடியா, பிளாஸ்டிக்கா?” என்கிறார் தச்சர். பிளாஸ்டிக் தகட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறாள். ஆடு வெறும் வெள்ளைக் கறையாகத் தெரிகிறது. கண்ணாடியிலோ அதன் வயிறு துடிப்பதுகூடத் தெரிகிறது. அடுப்படியிலிருந்தே ஒரு கண் வைத்துக்கொள்ளலாம். “கண்ணாடியே போடுங்கண்ணே. பிளாஸ்டிக் உடையாதுதான், ஆனா ஒண்ணும் தெரியலையே!” இரு கைகளாலும் கண்ணாடியைச் சட்டத்தில் பொருத்திப் பிடிக்கிறாள். மேகம் விலகி வெயில் பளீரென்று விழுகிறது. முற்றத்தில் மேயும் கிடா நிமிர்கிறது. கண்ணாடிக்குள் இன்னொரு கிடா அதையே முறைக்கிறது. “கையை எடும்மா!” என்று தச்சர் கத்துகிறார். எடுத்தால் கண்ணாடி உள்ளே சினையாட்டின்மேல் விழும். கிடா தலையைத் தாழ்த்தி, நிதானமாக நாலடி பின்வாங்குகிறது.