லீவே போடாத வெள்ளைத்தாய்

“இங்க லீவு கேட்டவுக யாருமே இல்லைன்னு...”

“கேட்டா வேலை போயிரும்னு பயந்துக்கிட்டு...”

“நான் சொல்லி முடிச்சுக்கிறேன், அப்புறம் நீ பேசும்மா.”

“மூணு வாரமா நீங்க மட்டுந்தானே சார் பேசறீங்க.”

மானேஜர் ராஜகுரு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். எதிரில் நின்ற கஸ்தூரி உட்காரவில்லை. மதுரையில் சமூகப்பணி படிக்கிறவள். அருப்புக்கோட்டைக்கு வெளியே இருக்கும் இந்த நூல் மில்லைப் பற்றி மூன்று பாகம் எழுதிக் கொடுத்தால்தான் அவளுக்குப் பட்டம்.

வேலையாட்கள், சரக்குப் போக்குவரத்து, ஆட்களுக்குக் கம்பெனி செய்யவேண்டிய கடமை. முதல் இரண்டும் முடிந்தாயிற்று. மூன்றாவதுதான் தொண்டையில் முள்ளாக நின்றது. பேறுகால விடுப்புக்குச் சட்டம் வந்து பத்து வருஷமாகிறது. இங்கே நூல் சுற்றும் முப்பத்திரண்டு பெண்களில் ஒருத்தி பேரிலும் அந்த விடுப்பு ஒரு நாள்கூட ஏறவில்லை.

“லாரி எத்தனை நடை போகுது, பரளச்சியிலயிருந்து பஞ்சு எத்தனை பொதி வருது, அதே லாரியில பொம்பளையாளுக எத்தனை பேரு வாராக, எல்லாம் குடுத்தேன்ல? இன்னும் என்னத்தம்மா நோண்டுற?”

“பத்து நாள் சேர்ந்தாப்பல வரலைன்னா பேரை அடிச்சிருவீகளாமே?”

“மில்லு ஓட வேண்டாமா?” வருகைப் பதிவேட்டை அவள் பக்கம் தள்ளினார். “இந்தா பாரு, நாப்பத்தேழாம் நம்பரு, வெள்ளைத்தாய். எட்டு வருஷத்துல ஒரு நாள் ஆப்சென்ட் இல்ல. விடிஞ்சா கேட்டுல அவ நம்பரு போட்ட டோக்கன் விழுந்துரும். கொடுமைப்படுத்துற எடத்துக்கு ஒருத்தி இப்படி வருவாளா?”

சாயங்காலம் சங்கு ஊதியது. பெண்கள் லாரியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். நாற்பத்தேழாம் நம்பர் டோக்கன் போட்டவள் யாரென்று வாட்ச்மேனிடம் கேட்டுக்கொண்டு கஸ்தூரி ஓடினாள்.

“வெள்ளைத்தாயிக்கா.”

அந்த ஒல்லியான பெண் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டாள். பக்கத்தில் நின்ற செல்லக்கிளி விலாவில் ஒரு இடி இடித்த பிறகுதான் திரும்பினாள். நாள் முழுக்க மெஷின் இரைச்சலில் நின்றால் காது எங்கே கேட்கும் என்று கஸ்தூரி அதையும் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

“எத்தனை பிள்ளைகக்கா?”

“நாலு.”

“இந்த எட்டு வருஷத்துக்குள்ள?”

“மூணு.”

“மூணு பேறுகாலம், ஒரு நாள் லீவு இல்ல. வலி கண்ட அன்னிக்குமா வேலைக்கு வந்தீக?”

லாரிமேல் இருந்தவர்கள் சிரித்தார்கள். “நூலைச் சுத்திக்கிட்டே பெத்துப் போட்டுட்டா. அப்படியே எழுதிக்கிருங்க” என்றாள் செல்லக்கிளி.

“சிரிக்கிற காரியமா இது? நீங்க ஒருத்தர் வாயத் தெறந்தாப் போதும், அத்தனை பேருக்கும் லீவு கெடைக்கும்.”

“நாங்க ஒருத்திக்கொருத்தி பாத்துக்கிருவோம் தாயி. எங்களுக்கு ஒரு கொறையுமில்ல. நீங்க போயி பரிச்சைக்குப் படிங்க” என்றாள் அந்த ஒல்லியான பெண்.

லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது. கஸ்தூரிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. எவன் மிரட்டி இவர்கள் வாயைக் கட்டியிருக்கிறான்? மானேஜர் பேசிப் பேசிச் சாகடிக்கிறார், இவர்கள் பேசாமலே சாகடிக்கிறார்கள்.

ஆனாலும் விடவில்லை. மூன்றாம் பாகத்தை எழுதி முதலாளி தனுஷ்கோடியின் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு ராஜகுருவைக் கூப்பிட்டார்.

“சட்டத்துல இருக்கிறதக் குடுத்துருவோம்யா. இது இன்ஸ்பெக்டர் கைக்குப் போச்சுன்னா நாம தலை நிமிர முடியாது.”

“குடுக்கலாம் மொதலாளி. யாருக்கு எப்பப் பிள்ளை பொறந்துச்சுன்னு நான் எங்க போயித் தேட? எனக்கு நம்பருதான் தெரியும்.”

“நம்பருக்கா சார் பிள்ளை பொறக்குது?” கஸ்தூரி குறுக்கே புகுந்தாள். “ஆளுக்கு ஒரு அட்டை போடுங்க. பேரு எழுதி, போட்டோ ஒட்டி. கேட்டுல டோக்கனப் பாக்கிறத விட்டுட்டு மூஞ்சியப் பாருங்க. அந்த மூஞ்சிக்கு லீவு குடுங்க.”

முதலாளி தலையாட்டினார். “பாப்பா சொல்றதுதான் சரி. வெள்ளிக்கிழமை டவுனுலருந்து போட்டோக்காரர வரச் சொல்லும்.”

அன்று சாயங்காலம் லாரி புறப்படும் முன்னே கஸ்தூரி மூச்சிரைக்கப் போய்ச் சேதியைச் சொன்னாள். மூன்று மாசம் லீவு, சம்பளத்தோடு. முதல் அட்டை வெள்ளைத்தாய்க்கு.

ஒரு முகமும் மலரவில்லை. செல்லக்கிளிகூடச் சிரிக்கவில்லை. ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுத்தவளைப் பார்த்தாள்.

“ஏன் இப்படிப் பேயறைஞ்ச மாதிரி இருக்கீக? உங்களுக்காக ஒரு மாசமா அந்த மனுஷன்கிட்டத் தொண்டைத் தண்ணி வத்தக் கத்தியிருக்கேன். ஒருத்தராவது ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லக் கூடாதா?”

ஒல்லியான பெண் லாரியிலிருந்து இறங்கினாள். கஸ்தூரியின் கையைப் பிடித்து வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். வாட்ச்மேன் பார்க்கிறானா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“வெள்ளைத்தாயின்னு மாறி மாறி நாங்க அஞ்சு பேரு வாரோமே தாயி, போட்டோவுக்கு எவ போயி உக்கார?”