மூன்றாம் கிளாரினெட்

"மூணாவது தடவையா திருப்பி அனுப்பியிருக்கீங்க மேடம். அப்படி என்னதான் தப்பு என் பாட்டுல?"

கெர்லோஃப் காகிதக் கட்டை மேஜையில் போட்ட வேகத்தில் என் காபி தளும்பியது.

ஊர் பேண்டுகளுக்கு இசைத்தாள் அச்சிடும் பதிப்பகம் எங்களுடையது. எங்கள் ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் மாட்டுக்கு அடுத்தபடி அதிகம் இருப்பது பேண்டுதான். கெர்லோஃப் பகலில் பால் லாரி ஓட்டுகிறவர், சாயங்காலம் தன் ஊர் பேண்டை நடத்துகிறவர். ஐம்பத்திரண்டு வயதில் முதன்முதலாகச் சொந்தமாக ஒன்று எழுதியிருக்கிறார். அது எங்கள் இந்த வருடப் பட்டியலில் வந்தே ஆக வேண்டும் என்று நடையாய் நடக்கிறார். பட்டியல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அன்று செவ்வாய்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் ஹிஸ்கா, எங்கள் பதிப்பாசிரியர். முட்டையில் மயிர் பிடுங்குகிறவர் என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர்களில் நானும் ஒருத்தி.

"பாட்டுல தப்பே இல்ல சார். ரொம்ப நல்லா இருக்கு. முதல் கிளாரினெட்டுக்குக் குடுத்த தாள்லதான் தப்பு."

"அதுல என்ன?"

"முதல் பக்கம் பாட்டு நடுவுல முடியுது. வாசிக்கிறவங்களுக்கு ரெண்டு கையும் கிளாரினெட்லதான் இருக்கும். எப்படிப் பக்கத்தைத் திருப்புவாங்க? ஓய்வு வர்ற இடமாப் பார்த்துப் பக்கத்தை முடிங்கன்னு மூணு தடவையும் எழுதினேனே."

"அட, இதுக்கா இந்தப் பாடு!" கெர்லோஃப் சிரித்தேவிட்டார். "ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தாளை நானா பிரிச்சேன்? ஒரு பட்டனைத் தட்டினேன், சாஃப்ட்வேரே பிரிச்சுக் குடுத்துடுச்சு. அதுலயே வாசிக்க விட்டும் கேட்டேன். ஒரு பிசிறு இல்ல."

"அதுக்குக் கையும் இல்ல, திருப்பப் பக்கமும் இல்ல. பிசிறு எங்கேருந்து வரும்?"

"அப்போ என் பொண்ணு ஃபெம்கா? அவதான் முதல் கிளாரினெட், அவளுக்குக் கை இருக்கே! நாலு மாசமா இதே தாளை வச்சுத்தான் ஒத்திகை. 'பக்கம் சரியில்லப்பா'ன்னு முதல் நாள் முனகினா. ஆடத் தெரியாதவதான் கூடம் கோணல்ன்னு சொல்லுவான்னு ஒரு போடு போட்டேன். அதோட சரி. இன்னிவரைக்கும் ஒரு ஸ்வரம் விட்டதில்ல."

"பக்கத்தை எப்படித் திருப்புறா?"

"எப்படியோ திருப்புறா. என் கண்ணு எல்லா வாத்தியமும் சேர்ந்திருக்கிற ஸ்கோர்ல இருக்கும். அவ கையைப் பார்த்துக்கிட்டா நிப்பேன்? குறை சொல்லணும்னா எங்க வோபேயைச் சொல்லுங்க."

"அது யாரு?"

"மூணாவது கிளாரினெட். ஃபெம்காவுக்குப் பக்கத்து நாற்காலி. அறுபது வயசு மனுஷன். பாட்டு அப்படியே உச்சத்துக்கு ஏறும், அந்த நேரம் பார்த்து நாலு நொடி வாசிக்காம விட்டுடுவார். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, ஒவ்வொரு ஒத்திகையிலயும்! 'என்ன வோபே, தூக்கமா?'ன்னு எல்லார் முன்னாலயும் கேட்டுட்டேன். ஈன்னு சிரிக்கிறார். சரியான மரமண்டை."

ஹிஸ்கா தாளை எடுத்து முதல் பக்கம் முடிகிற இடத்தைப் பார்த்தார். பென்சிலைக் கீழே வைத்தார்.

"அடுத்த ஒத்திகை எப்போ?"

"வியாழக்கிழமை."

"அன்னிக்கு பேண்டை நடத்துற கோலை வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க. நீங்க பின்வரிசைக்கும் பின்னால போய் நின்னு கேளுங்க. அப்புறம் தாளைத் திருத்தணுமா வேணாமான்னு நீங்களே வந்து சொல்லுங்க. வேணாம்னா அப்படியே அச்சுக்கு அனுப்பிடறேன்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

பிஸ்கட்டைக்கூடத் தொடாமல் கிளம்பினார். ஜெயித்துவிட்ட நடை.

எனக்குப் பொறுக்கவில்லை. "பாவம் அக்கா, நல்ல மனுஷன். நீங்களே பத்து நிமிஷத்துல திருத்திடலாமே? எதுக்கு இப்படி அலைய விடுறீங்க?"

"திருத்திடலாம்தான். அவருக்குத் தெரியாமலே போயிடும்."

என்ன தெரியாமல் போய்விடும் என்று எனக்கு விளங்கவில்லை. வழக்கமான வீம்பு என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கெர்லோஃப் வந்தார். லாரிக்கு லீவாம். ஒரு கையில் புதுத் தாள்கள், இன்னொரு கையில் எங்களுக்காக ஒரு சர்க்கரை ரொட்டி.

"திருத்திட்டேன் மேடம். அந்த ஒண்ணு மட்டுமில்ல. இருபத்தெட்டுப் பேரோட தாளையும் காலைல உக்காந்து பக்கம் பக்கமாப் பார்த்துட்டேன்."

ஹிஸ்கா ஒவ்வொன்றாகப் புரட்டினார். கடைசித் தாளைப் புரட்டியதும் மேலே கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். அவ்வளவுதான். நான்கு மாதமாக அந்த மனிதர் காத்திருந்த கையெழுத்து.

கெர்லோஃப் குதிப்பார் என்று பார்த்தேன். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

என் வாய் சும்மா இருக்குமா? "நேத்து ஒத்திகை எப்படி சார்? உங்க மரமண்டை இந்தத் தடவையாவது விடாம வாசிச்சாரா?"

"முதல்ல பழைய தாள்லதான் வாசிச்சாங்க. வழக்கம்போல விட்டார். நான் பின்னால நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன். காபி இடைவேளையில ஃபெம்காவோட தாளை மட்டும் திருத்தி அச்சடிச்சுக் குடுத்துட்டு மறுபடி வாசிக்கச் சொன்னேன். வோபே விடவே இல்ல. முழுசா வாசிச்சார்."

"பரவாயில்லையே!"

"அந்த நாலு நொடியும் தப்புத் தப்பா வாசிச்சார்."

"நல்லா நாலு வார்த்தை கேட்டீங்களா?"

"எந்த வாயால கேக்கறது?" என்றார் கெர்லோஃப். "அந்த இடத்தை அவர் வாசிச்சதே இல்லையேம்மா. நாலு மாசமா அந்த நாலு நொடியும் அவர் கை என் பொண்ணோட பக்கத்தைத்தானே திருப்பிக்கிட்டு இருந்திருக்கு."