குலுக்கலில் பேர் வராதவர்கள்

“ஏழு ஆகட்டும் மேடம்” என்றார் வார்டன்.

அவள் ஜெயிலின் மூன்றாம் பிளாக்கின் கம்பிக் கதவுக்கு வெளியே நின்றாள். ஆறு மணிக்கே எல்லோரையும் பூட்டியாகிவிட்டது. உள்ளே தட்டு கழுவும் சத்தம். யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தான்.

பையில் அறிக்கை இருந்தது. இரண்டு வருட உழைப்பு.

போதைப் பழக்கத்தை விடுவதற்கான வகுப்பு வேண்டும் என்று இந்த பிளாக்கில் கேட்ட கைதிகள் நூற்றிருபது பேர். இடமோ அறுபது. பாடங்களை எழுதியவளும் குலுக்கல் போட்டவளும் அவள்தான். பேர் வந்தவர்களுக்கு வகுப்பு. வராதவர்களுக்கு ஒன்றும் கிடையாது. விடுதலைக்குப் பிறகு எந்தப் பக்கத்து ஆட்கள் மறுபடி ஜெயிலுக்கு வருகிறார்கள் என்று பார்த்தால், வகுப்பின் லட்சணம் தெரிந்துவிடும்.

தெரிந்தது.

வகுப்பில் இருந்தவர்களில் திரும்பி வந்தவர்கள் பதினொரு பேர். வகுப்பே இல்லாதவர்களில் பன்னிரண்டு பேர்.

அட நாசமே! இதற்கா இத்தனை பாடு?

முன்பெல்லாம் பாதிப் பேர் திரும்பி வருவார்கள். இப்போது இரண்டு பக்கமும் குறைந்திருந்தது. எப்படி என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

வித்தியாசம் இல்லையென்றால் வகுப்பை மூடிவிடுவோம் என்று மேலிடம் சொல்லியிருந்தது. திங்கட்கிழமை கூட்டம். அடுத்த வகுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு எண்பது பேர் உள்ளே காத்திருக்கிறார்கள்.

நேற்று, மனசு கேட்காமல், பேர் வராத ஒருவனைத் தேடிப் போனாள். முத்திருளப்பன். பஞ்சர் கடையில் வேலை. ஒரு காலத்தில் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனை முகர்ந்து முகர்ந்தே சீரழிந்தவன். இப்போது அதே டப்பாவில் விரலை விட்டு, டியூபில் தடவிக்கொண்டிருந்தான். எப்படி முடிகிறது என்று கேட்டாள்.

“ஆசை வந்தா இருவது நிமிசம் தள்ளிப் போடணும் மேடம். அதுபாட்டுக்கு அடங்கிரும்.”

அது அவள் எழுதிய மூன்றாவது வாரப் பாடம். இவன் வகுப்பு வாசலைக்கூட மிதித்ததில்லை.

யார் சொன்னது என்று கேட்டாள்.

“நம்ம இருதயராசுதான். வகுப்புல கேட்டத எல்லாம் ராத்திரி கொட்டடியில இருந்து எங்களுக்குச் சொல்லுவாரு. சீட்டுல எங்க பேரு வரலைன்னா என்ன மேடம்? கதவு கம்பிதான? சத்தம் வரும்ல?”

இருதயராஜ். குலுக்கலில் பேர் வந்தவன். விடுதலையாகி நாலே மாதத்தில் மாத்திரையோடு பிடிபட்டு, திரும்பி வந்த பதினொரு பேரில் ஒருவன். அவள் கணக்கில் அவன் தோல்வி.

மணி ஏழு.

பிளாக் அடங்கியது. யாரும் அதட்டவில்லை. திட்டிக்கொண்டிருந்தவனும் நிறுத்திக்கொண்டான்.

கரகரத்த குரல் ஒன்று ஆரம்பித்தது. முதல் வாரப் பாடம். ஒரு சொல் பிசகவில்லை. வகுப்பெடுக்கும் ஆலோசகர் தொண்டையைச் செருமும் இடத்தில் அந்தக் குரலும் செருமியது.

அம்மாடி!

அவள் கதவை ஒட்டிப் போய் நின்றாள். உள்ளே நூறு பேராவது இருப்பார்கள். மூச்சுச் சத்தம்கூட இல்லை. தன் பாடத்தை இத்தனை பேர் இப்படிக் கேட்டு அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. வார்டன்கூடத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

பாடம் முடிந்தது. குரல் முடியவில்லை.

“இம்புட்டும் தெரிஞ்சும் நான் திரும்ப வந்துட்டேன்யா. எந்த எடத்துல வழுக்குனேன்னு இன்னைக்குச் சொல்றேன். நீங்க அந்தப் பக்கமே போயிராதீங்க.”

கடைசிக் கொட்டடியிலிருந்து ஒருவன் கத்தினான்.

“அண்ணே, சத்தமாச் சொல்லு. இங்கிட்டுக் கேக்கல.”

குரல் உயர்ந்தது.

அவள் சுவரோரம் தரையிலேயே உட்கார்ந்தாள். அறிக்கையை மடியில் விரித்தாள். வகுப்பு கிடைக்காதவர்கள், அறுபது பேர் என்று இருந்தது.

அறுபதை அடித்தாள்.

ஒருவரும் இல்லை என்று எழுதினாள்.